சக்தி அவளுடையது, சுவிட்ச் யாருடையது? சூப்பர்ஹீரோ கதைகளில் பெண்ணைப் படிக்கும் முறை

வட ஆற்காட்டில் பாரதக் கூத்து நடக்கிற ஊர் எதுவானாலும், ராத்திரி ஒன்பது மணிக்கு வேஷம் கட்டுகிற கொட்டகைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இரண்டு ஆண்கள் அருகருகே உட்கார்ந்து முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்குத் தோளில் புஜக்கட்டையும் மார்பில் பதக்கமும் தலையில் கிரீடமும் ஏறும். இன்னொருவர் சவுரி வைத்துக் கொண்டை போட்டு, புடவை கட்டி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் துரியோதனன், இன்னொருவர் திரௌபதி. இரண்டு பேருக்கும் உடம்பு ஒரே மாதிரிதான். மாறியதெல்லாம் அந்த உடம்பின் மேல் ஏறியவை: நடை, குரல், எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு ஆடலாம், யார் மீசையை முறுக்கலாம், யார் கண்ணைத் துடைக்க வேண்டும்.

பிறக்கும்போது உடம்போடு வருவதைப் பால் என்றும், பிறகு ஊர் கட்டிவிடுகிற இந்த வேஷத்தைப் பாலினம் என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். அந்த வேஷத்துக்கு ஊர் ஒதுக்கிய வேலைகளுக்குப் பாலினப் பாத்திரம் என்று பெயர். ஆண் காப்பாற்றுவான், பெண் காத்திருப்பாள் என்பது அதில் மிகப் பழையது. சூப்பர்ஹீரோ கதைகளும் வேஷக் கதைகளே. கிரீடத்துக்குப் பதில் முகமூடி, கட்டைக்குப் பதில் உடம்போடு ஒட்டிய உடுப்பு. அதனால் பாலினப் பாத்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள இவற்றைவிடத் தோதான பொருள் கிடைப்பது கஷ்டம். எல்லாமே பெரிதாக, கலர் கலராகத் தெரியும்.

புதிதாகப் படிப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “அவளுக்குச் சக்தி இருக்கா?” என்பதுதான். இதை வைத்து ரொம்ப தூரம் போக முடியாது. சக்தி தாராளமாகத்தான் கொடுக்கப்படுகிறது. அந்தச் சக்தி எதனால் அணைகிறது என்று கேட்டால்தான் கதை தன் மனசைக் காட்டும்.

நம்ம பக்கத்துக் கதையிலிருந்தே தொடங்கலாம். படவேட்டில் ரேணுகாம்பாளாகவும் குடியாத்தத்தில் கெங்கையம்மனாகவும் கும்பிடப்படும் ரேணுகா, தினமும் ஆற்றங்கரைப் பச்சை மண்ணை அள்ளிக் குடம் செய்து தண்ணீர் மொண்டு வருவாள். சூளை வேண்டாம், சுட வேண்டாம், குடம் நிற்கும். கற்பின் வலிமை அது. ஒருநாள் வானில் போன கந்தர்வனின் நிழல் தண்ணீரில் விழ, அவள் ஒரு கணம் பார்த்துவிடுகிறாள். குடம் உடைகிறது. கணவர் ஜமதக்னி மகனைக் கூப்பிட்டுத் தாயின் தலையை வெட்டச் சொல்கிறார், பரசுராமன் வெட்டுகிறான். சூப்பர்ஹீரோ இலக்கணத்தில் இதை எழுதினால் இப்படி வரும்: சக்தி, மண்ணைக் குடமாக்குவது. மூலம், மனக்கட்டுப்பாடு. பலவீனம், மனசில் ஒரு கணம் ஓடிய எண்ணம். கண்காணிப்பவர், கணவர்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். வொண்டர் வுமன் 1941இல் அறிமுகமானார். உருவாக்கியவர் வில்லியம் மோல்ட்டன் மார்ஸ்டன், மனோதத்துவக்காரர், பெண்கள் உலகை ஆள வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசியவர். அவருடைய நாயகி குண்டுகளைக் கைக்காப்பால் தட்டிவிடுவாள். ஆனால் பழைய கதைகளில் ஒரு விதி உண்டு. ஓர் ஆண் அந்த இரண்டு காப்புகளையும் சங்கிலியால் பிணைத்துவிட்டால் அவள் பலம் போய்விடும். அதே காலத்து சூப்பர்மேனுக்கு ஆபத்து ஒரு பச்சைக் கல். கல்லுக்கு ஆண், பெண் தெரியாது. அவன் மனசில் என்ன ஓடியது என்று கேட்காது. அவன் பலவீனம் வெளியிலிருந்து வருகிறது. அவளுடையதோ ஓர் ஆணின் கையிலிருந்து வருகிறது.

இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களையும் பாருங்கள். 1961இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவில் ஒருவன் ரப்பர்போல் நீள்வான், ஒருவன் தீயாய் எரிவான், ஒருவன் பாறையாய் இடிப்பான். குழுவின் ஒரே பெண் சூ ஸ்டார்முக்குக் கிடைத்த வரம், கண்ணுக்குத் தெரியாமல் போவது! எழுதியவர்களுக்கே இது போதவில்லை என்று பட்டிருக்க வேண்டும். 1964இல் கண்ணுக்குத் தெரியாத தடுப்புச் சுவர் எழுப்பும் ஆற்றலைச் சேர்த்தார்கள். கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகும் அவர் பெயர் “இன்விசிபிள் கேர்ள்” என்றே இருந்தது. கேர்ள், வுமன் ஆனது 1985இல்.

ரொம்பப் பெரிய சக்தி பெண்ணிடம் வரும்போது இன்னொரு வகை சுவிட்ச் வைப்பார்கள்: அவளால் அதைத் தாங்க முடியாது. 1980இல் எக்ஸ்மென் கதையில் ஜீன் கிரேவுக்கு நட்சத்திரத்தையே விழுங்கும் சக்தி வருகிறது. அடக்க முடியாமல், கடைசியில் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறாள். மார்வெல் காமிக்ஸின் மந்திரக்காரி ஸ்கார்லெட் விட்ச், குழந்தைகளை இழந்த துயரத்தில் நிஜ உலகத்தையே புரட்டிப்போடுகிறாள். ஹல்க்கும் உணர்ச்சிவசப்படுகிறவன்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஹல்க்குக்குக் கோபம் ஏற ஏற பலம் கூடும், ஊரை நொறுக்கினாலும் அடுத்த மாதம் அவன் பெயரிலேயே அடுத்த இதழ் வரும். அவன் கோபம் அவனுக்கு எரிபொருள். அவள் துயரம் அவளுக்குத் தண்டனை.

இதற்கு மாறான உதாரணமும் தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் கையிலேயே இருக்கிறது. சிவகாசியிலிருந்து 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைஸி. 1963இல் லண்டன் பத்திரிகையில் பிறந்தவர். வரம் கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, பயிற்சியும் நிதானமும்தான். கூட்டாளி வில்லி கார்வின் அவரை “இளவரசி” என்று கூப்பிடுவான், அவர் சொன்னதைக் கேட்பான், காதலனாக மாற மாட்டான். அந்தச் சக்தியை யாரும் வந்து அணைக்க முடியாது. ஏனென்றால் வெளியில் சுவிட்சே இல்லை.

அடுத்த கேள்வி, செத்தவள் யாருக்காகச் செத்தாள்?

1994இல் வந்த கிரீன் லான்டர்ன் இதழ் ஒன்றில் நாயகன் வீட்டுக்கு வருகிறான். வில்லன் அவன் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் திணித்து வைத்திருக்கிறான். கெயில் சிமோன் என்பவர் 1999இல் இப்படிக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியல் போட்டு இணையத்தில் வைத்தார். அதிலிருந்து இந்த உத்திக்கே “ஃப்ரிட்ஜில் வைப்பது” என்று பெயர் விழுந்துவிட்டது. நாயகனுக்குக் கோபம் வரவேண்டும், அதற்கு ஒரு பிணம் வேண்டும், அது அவன் வீட்டுப் பெண்ணாக இருந்தால் தோது. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். முதல் பாதியில் துறுதுறுவென்று ஓடியாடும் தங்கச்சிக்கு இடைவேளை நெருங்க நெருங்க ஆயுள் குறையும் என்பது தியேட்டரில் முறுக்கு விற்கிறவருக்கும் தெரியும்.

ஆண் பாத்திரங்களும்தான் சாகிறார்கள், அடிபடுகிறார்கள். வித்தியாசம் அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. இரண்டு முதுகெலும்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்கேர்ளாக இருந்த பார்பரா கார்டனை ஜோக்கர் 1988இல் சுட்டான். நடக்க முடியாமல் போனது. அந்தக் கதையில் அவள் சுடப்படுவது அவள் அப்பாவை நிலைகுலையச் செய்வதற்காக. 1993இல் பேட்மேனின் முதுகை ‘பேன்’ என்ற வில்லன் முறித்தான். பேட்மேன் சீக்கிரமே எழுந்து நடந்து பழைய வேலைக்குத் திரும்பிவிட்டான். பார்பரா சக்கர நாற்காலியை விட்டு எழுந்தது 2011இல். இதில் ஒரு திருப்பமும் உண்டு. நாற்காலியில் இருந்த அந்தக் காலத்தில்தான் பார்பரா “ஆரக்கிள்” என்ற பெயரில் கணினி முன் உட்கார்ந்து மொத்த நாயகர் கூட்டத்துக்கும் தகவல் கொடுக்கும் மூளையாக மாறினாள். மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலருக்கு அவள் அப்படியே இருந்ததுதான் பிடித்திருந்தது. ஆக “குணமாக்கிவிட்டால் சரியாகிவிடும்” என்றும் சொல்ல முடியாது. சுட்டது தவறான கதை, பிறகு எழுதியது நல்ல கதை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

குடியாத்தம் சிரசுத் திருவிழாவை இந்தக் கண்ணோடு பாருங்கள். வைகாசி முதல் நாள் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு ஊர்வலமாக வந்து, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் ஓர் உடலில் பொருத்தப்படும். அந்த உடல் ரேணுகாவுடையது இல்லை. கதைப்படி ரேணுகாவோடு சேர்ந்து வெட்டுப்பட்ட இன்னொரு பெண்ணின் உடல் அது. தாயை உயிர்ப்பிக்கும் அவசரத்தில் பரசுராமன் தலையை மாற்றி வைத்துவிட்டான். அந்த இன்னொரு பெண்ணுக்குக் கதையில் பெயர் கிடையாது, ஒரு சாதிச் சொல்தான் பெயராக நிற்கிறது. லட்சம் பேர் கும்பிடும் உருவத்தில் கழுத்துக்குக் கீழே இருப்பவள் யார் என்று கேட்டால், ஃப்ரிட்ஜ் என்றால் என்ன என்பது சட்டென்று புரியும்.

வேலூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு தொடக்கக் கதை, சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடருடையது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவ வலியில் துடிக்கும் மனைவிக்கு உதவி கேட்டார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். 1918இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆண்களுக்கு இடம் கிடைத்ததே 1947இல்தான். அமைப்பைப் பார்த்தால் இதுவும் மரணத்தில் தொடங்கும் கதைதான். ஆனால் பழிவாங்கல் இல்லை. இறந்தவர்களைப் போன்ற பெண்களுக்கே பலன் போய்ச் சேருகிறது, அதுவும் பெண்களின் கையாலேயே. என்றாலும் அந்த மூன்று பேரின் பெயர் நாம் சொல்லும் கதையில் வருவதில்லை. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமாக மாட்டிக்கொண்டவள் நீலி. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர்க்காரி. கணவன் கொன்ற பெண், பேயாக வந்து நியாயம் கேட்கிறாள். அவனுக்குப் பிணை நின்ற எழுபது வேளாளர்கள் சொன்ன வாக்குக்காகத் தீயில் இறங்கினார்கள் என்று கதை அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கொலை செய்தவன் அழுத கண்ணீருக்குப் பெயரில்லை. கொலையுண்டவள் அழுததுதான் நம் மொழியில் பொய் அழுகைக்குப் பெயர்: நீலிக் கண்ணீர்.

எண்ணிப் பார்க்கும் முறைகளும் உண்டு. அலிசன் பெக்டெல் 1985இல் ஒரு சித்திரக் கதையில் போட்ட மூன்று விதிகள் பிரபலம்: கதையில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும், பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. சுலபமாகத் தோன்றும், சோதித்தால் திகைப்பீர்கள். ஆனால் இதைத் தராசாக நினைக்க வேண்டாம். மாமியாரும் மருமகளும் சாம்பாருக்குப் புளி போதுமா என்று ஒரு வரி பேசிவிட்டால் மட்டமான படமும் தேறிவிடும். தனியாகப் போராடும் பெண்ணைப் பற்றிய நல்ல படம் தோற்றுவிடும். ஒரு படத்தை அல்ல, ஐம்பது படங்களைச் சேர்த்துப் பார்க்கத்தான் இந்த விதி உதவும். குழுவில் எத்தனை பேர் என்று எண்ணுவதும் அப்படித்தான். 2012இல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் ஆறு நாயகர்களில் ஒரே பெண். மார்வெல் ஸ்டுடியோஸ் 2008இல் படம் எடுக்கத் தொடங்கி, ஒரு பெண்ணைத் தனி நாயகியாக வைத்தது 2019இல், இருபத்தோராவது படத்தில்.

எண்ணிக்கையோடு பதவியையும் பாருங்கள். 1942இல் வொண்டர் வுமன் ஆண் நாயகர்களின் சங்கத்தில் சேர்க்கப்பட்டார், செயலாளராக. செயலாளர் என்றதும் நம்மூர்க் கட்சி மாவட்டச் செயலாளரை நினைத்துவிடாதீர்கள். கூட்டக் குறிப்பு எழுதும் வேலை. மற்றவர்கள் சண்டைக்குப் போவார்கள், குண்டைக் கையால் தட்டுகிறவள் ஆபீசைப் பார்த்துக்கொள்வாள்.

படம் வரைந்த விதத்துக்கு வருவோம். காமிக்ஸ் அட்டையில் பெண் நிற்கும் விதத்தை விரலால் தடவிப் பாருங்கள். முகம் எந்தப் பக்கம், மார்பு எந்தப் பக்கம், இடுப்புக்குக் கீழே எந்தப் பக்கம்? மார்பும் பின்புறமும் ஒரே நேரத்தில் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த முதுகெலும்பு உயிருள்ள மனிதருக்கு இருக்க முடியாது. சந்தேகமாக இருந்தால் கண்ணாடி முன் நின்று முயன்று பாருங்கள், பிடிப்பு வந்தால் பொறுப்பல்ல. 2012இல் இணையத்தில் சில ஓவியர்கள் ஒரு வேலை செய்தார்கள். பெண்களை வரையும் அதே நிலையில் ஹாக்ஐ என்ற ஆண் நாயகனை வரைந்து வைத்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பெண்ணாக இருந்தபோது யாருக்கும் சிரிப்பு வராததுதான் விஷயம். இங்கே உடுப்பு எவ்வளவு குறைவு என்று அளப்பது வீண்வேலை. கூத்திலும் பீமனும் துரியோதனனும் உடம்பைப் பெரிதாக்கிக் காட்டித்தான் நிற்பார்கள், வலுவைக் காட்ட. அந்த உடம்பு எதற்காகக் காட்டப்படுகிறது, யாருடைய கண்ணுக்காக என்பதைக் கேளுங்கள்.

தமிழில் படிப்பவர்கள் கூடுதலாக ஓர் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எதிரில் நிற்கும் யாருக்கும் ஒரே சொல். தமிழாக்கம் செய்கிறவர் ஒவ்வொரு வரியிலும் நீயா, நீங்களா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். சம அந்தஸ்தில் இருக்கும் இரண்டு நாயகர்கள், ஒருவர் ஆண், ஒருவர் பெண். அவன் “நீ பின்னால நில்லு” என்பான். அவள் “நீங்க ஜாக்கிரதையா இருங்க” என்பாள். மூலத்தில் இல்லாத கணவன் மனைவி உறவு இரண்டு விகுதியில் வந்து உட்கார்ந்துவிடும். கதை சொல்லும் கட்டங்களிலும் அவர் வந்தார், அவள் வந்தாள் என்று பிரிந்திருக்கிறதா பாருங்கள். வேலூரில் டப்பிங் படம் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் வசனத்தை மட்டும் கேட்டால் போதும், யாருக்கு “ங்க” விழுகிறது என்று பிடித்துவிடலாம். “ஹீரோயின்” என்ற சொல்லே நம்மிடம் ஹீரோவுக்கு ஜோடி என்ற பொருளில்தான் புழங்குகிறது. அதனால்தான் “பெண் சூப்பர்ஹீரோ” என்று எழுத வேண்டியிருக்கிறது.

இனிச் செய்து பார்க்கலாம். அமெரிக்க மாத இதழில் கதை ஏறக்குறைய 20 முதல் 22 பக்கம் வரும். அதில் தொடங்குவது சுலபம், படம் என்றால் பாதியில் கவனம் சிதறும். ஒரு நோட்டில் கோடு போட்டு ஒவ்வொரு பெண் பாத்திரத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பெயர் இருக்கிறதா, முதல் வசனம் எத்தனையாவது பக்கத்தில், கதையைத் திருப்பும் முடிவு ஏதாவது எடுத்தாளா, சக்தி எங்கிருந்து வந்தது, எதனால் போனது, கடைசிப் பக்கத்தில் எங்கே நிற்கிறாள். முதல் தடவை கதைக்காகப் படியுங்கள், இரண்டாவது தடவை நோட்டோடு. பிறகு முக்கிய ஆண் பாத்திரத்துக்கும் அதே வரியை நிரப்புங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒப்பிட ஆள் இல்லாமல் பெண்ணின் வரியை மட்டும் நிரப்பினால் எல்லாமே அநியாயமாகத்தான் தெரியும்.

வழுக்கும் இடங்கள் இன்னும் உண்டு. “முடிவு எடுத்தாளா” என்ற கட்டத்தில் சண்டை போட்டாள் என்று எழுதுவது அதில் முதன்மையானது. பத்துப் பேரை அடிப்பவளும் அடுத்தவர் சொல்லித்தான் அடிக்கிறாள் என்றால் அந்தக் கட்டம் காலிதான். பாரதக் கூத்தின் கடைசி நாளில் நடக்கும் படுகளத்தைப் பாருங்கள். மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் தொடையை அடிப்பவன் பீமன். ஆனால் அவிழ்த்த கூந்தலை முடிகிறேன், முடியமாட்டேன் என்று தீர்மானித்தவள் திரௌபதி. அவள் முடிந்தால்தான் பதினெட்டாம் நாள் போர் முடிகிறது. அடித்தது யார் என்று மட்டும் எழுதினால் கதையையே கோட்டைவிட்டுவிடுவீர்கள். படுகளம் நடக்கும் அந்தக் கோயிலின் பெயர்ப் பலகையைப் பார்த்தால் பல ஊர்களில் “திரௌபதி அம்மன் சமேத தர்மராஜா கோயில்” என்று இருக்கும், அதற்கும் நோட்டில் ஒரு வரி போடலாம்.

வருடத்தைக் குறிக்காமல் விடுவதும் தப்பு. 1968இல் வொண்டர் வுமனின் சக்தியைப் பறித்துத் துணிக்கடை வைக்கச் சொன்னார்கள். 1973இல் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் 1972இல் அமெரிக்கப் பெண்ணிய இதழ் ஒன்று அவரைப் பழைய உடுப்போடு அட்டையில் போட்டது. எந்த வருடத்துக் கதை கையில் இருக்கிறது என்று தெரியாமல் தீர்ப்பெழுதினால் தப்பான ஆளைத் திட்டுவோம்.

கடைசியாக நோட்டில் ஒரு கட்டம் சேருங்கள்: வேஷம் கலைத்த பிறகு சோறு யார் வடிக்கிறார்கள்? பேட்மேனுக்கு வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரெட் இருக்கிறார், ஸ்பைடர்மேனுக்கு மே அத்தை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து, வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும் ஒரு பெண்ணுக்கு ராத்திரி ஊரைக் காப்பாற்றும் வேலையும் கொடுத்துக் கதை எழுதிப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே அவளுக்கு ஓர் ஆல்ஃபிரெட் தேவைப்படுவார். யாரைப் போடுவீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். “மாமியார்” என்று எழுதினால், அவருக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.